சியார்பாம்பாவில் போயிட்டு வந்தவன்

கடல்மட்டத்துக்கு மேலே நாலாயிரத்து அறுநூறு மீட்டரில், மேகம் மனிதர்களின் காலடியில் கிடக்கிற சியார்பாம்பா என்னும் கணவாயிலிருந்து, பாளையங்கோட்டை சைக்கிள் கடை இசக்கியப்பன் மலைச் சைக்கிள் ஒன்றில் ஏறிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கி, இறங்கி, மேலும் இறங்கி, ஓரிடத்திலும் ஏறாமலேயே புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தது மொத்தம் பதினேழு தடவை. முதல் தடவை வந்தபோது பகல் பன்னிரண்டேகால் மணி. எவுலாலியா என்கிற அம்மாள் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மாவைக் கிள்ளி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு இன்னொரு குவளையில் கஞ்சி ஊற்றினாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் பெயர் பகவதி. சங்கரன்கோவிலில் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் எடுக்கிற டீச்சரம்மா, ஆகவே இறங்குகிறவன் இறங்கியபடியே மேலே வர முடியாது என்பது மற்ற எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வந்துவிட்டான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்லூரி கேண்டீன் மேஜையில் ஓர் உலகப் படத்தை விரித்து வைத்து, நானும் இசக்கியும் வேதமுத்துவும் என்றைக்காவது முதுகில் பையை மாட்டிக்கொண்டு தென்னமெரிக்காவுக்குப் போய், மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் சைக்கிளில் இறங்குவது என்று முடிவு செய்திருந்தோம். நானும் வேதமுத்துவும் மறந்துவிட்டோம், இசக்கி மறக்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனபிறகு, ஒரு நாள் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டு, எடுத்தபிறகுதான் வீட்டில் சொன்னான். செல்லக்கனி அவனுக்கு மாமா மகள். சின்ன வயசில் அவனை 'வால, போல' என்று கூப்பிட்டுத் தெருவில் துரத்தியவள், கல்யாணத்துக்கு அப்புறம் பெரியவர்கள் சொன்னதால் 'அத்தான், வாங்க, போங்க' என்று மாறியவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நானும் வாரேன் அத்தான்."

"ஒனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதே செல்லக்கனி," என்று சிரித்திருக்கிறான் இந்தப் புண்ணியவான். சைக்கிள் கடைக்காரன் பெண்டாட்டிக்குச் சைக்கிள் தெரியாது என்பது யாருடைய குற்றம் என்று அவள் கேட்டாள். அதற்கு அவன் கோபப்பட்டான். மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "சரி, நான் போறேன்" என்றான். "போங்க" என்றாள் அவள், அடுக்களையிலிருந்தே.

எங்கள் பக்கத்தில் துட்டி வீட்டிலிருந்து, அதாவது சாவு விழுந்த வீட்டிலிருந்து, கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் வருவோம். மற்றபடி எந்த வாசலிலும் யாரும் 'போறேன்' என்று சொல்வது கிடையாது, பால்காரன்கூட 'வாரேன்மா' என்று சொல்லிவிட்டுத்தான் போவான். இசக்கி அந்த வார்த்தையைச் சொன்னான், அவள் அதற்கு மேல் ஒரு 'போங்க' வைத்தாள், இரண்டையும் தூக்கிக்கொண்டு அவன் விமானம் ஏறினான். அவன் பையில் இருந்த எதையும்விட அதுதான் கனமாக இருந்தது என்று எனக்கும் தெரியும், வேதமுத்துவுக்கும் தெரியும்.

லா பாஸ் நகரம் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் வீடுகளைக் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. தலைக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பதிலாகப் பெட்டிகள் போயின, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீன்காரிகளும் அதில் உட்கார்ந்து மற்றவர்களுடைய மொட்டைமாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள். மடிப்பு மடிப்பான பாவாடையும் தலையில் சின்ன வட்டத் தொப்பியும் வைத்த பெண்கள் தெருவோரத்தில் விற்ற மூலிகைகளில் காய்ச்சலுக்கும் இருந்தது, பொறாமைக்கும் இருந்தது. மூன்று நாள் சுற்றினோம். எதைப் பார்த்தாலும் இசக்கி, "இதெ செல்லக்கனி பாத்தான்னா..." என்று ஆரம்பிப்பான், அப்புறம் வாயை மூடிக்கொள்வான். தங்கும் விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்து அவளுக்குப் படம் படமாக அனுப்புவான். நீல டிக் விழும், பதில் விழாது.

வேதமுத்துதான் எங்களுக்கு மொழி. சென்னையில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, ஸ்பானிஷ்காரர்களின் வாஷிங்மெஷின் புகார்களைப் போனில் கேட்டுக் கேட்டே அந்தப் பாஷையைப் படித்தவன் அவன். யார் எதைச் சொன்னாலும் அவன் வாயிலிருந்து திருநெல்வேலித் தமிழாகத்தான் விழும், அதனால் இன்றைக்கும் என் நினைப்பில் அந்த மலை முழுக்க நம் ஊர்க்காரர்கள்தான் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாலாம் நாள் காலையில் ஒரு வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு கணவாய்க்குப் போனோம். ஊர்ப்பெயரைக் கேட்டதும் "பாம்பா?" என்று காலைத் தூக்கிக்கொண்டான் வேதமுத்து, பாம்பா என்றால் சமவெளி என்று பிறகு தெரிந்தது. நாற்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிற ஒரு கோயில், பனியில் உறையப்போட்டுப் பரப்பிய உருளைக்கிழங்கு, சாலையோரம் வழிப்போக்கர்கள் ஒவ்வொருவரும் ஒரு கல் வைத்து வைத்து வளர்ந்த கற்குவியல், அதன் பக்கத்தில் எவுலாலியாவின் நீலத் தார்ப்பாய். ஊதா மக்காச்சோளத்தைப் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியும் எண்ணெயில் பொரித்த பணியாரமும் அங்கே கிடைக்கும். எனக்கு மலை தலைக்கேறி மூச்சு முட்டியதால், நான் இறங்கவில்லை என்று சொல்லி அவள் அடுப்போரம் உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டி ராமிரோ, பூமித்தாய்க்கு முதல் சொட்டு என்று சாராயத்தைத் தரையில் ஊற்றி, சைக்கிள் டயரில் இரண்டு சொட்டு தெளித்து, மிச்சத்தைத் தன் வாயில் விட்டுக்கொண்டான்.

கிளம்பும்போது எவுலாலியா கையை உயர்த்தி, "ஆதியோஸ்" என்றாள்.

"அப்படின்னா என்னல?" என்றான் இசக்கி.

"சாமிகிட்டன்னு அர்த்தம்," என்றான் வேதமுத்து. "இங்கன எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக."

"சாமிகிட்டயா? எல, கெடுபாதாளத்துக்குச் சைக்கிள்ல எறங்கப் போறவன்கிட்ட வந்து சாமிகிட்ட போங்காளே, என்ன பொம்பளல இவ!"

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாய்க்குள் வந்தான். எவுலாலியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "யம்மா, அப்படிச் சொல்லப்பிடாது. ஏற்கெனவே ஒரு எடத்துல தப்பாச் சொல்லிட்டு வந்து நிக்கேன். போயிட்டு வாரேன்னு சொல்லணும். போயிட்டு வாரேன், என்ன?"

வேதமுத்து மொழிபெயர்த்தான். அந்த அம்மாள் பணியாரக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இசக்கியின் முகத்தையே பார்த்தாள். "போயிட்டு வருவானாமா?" என்று கேட்டாள். "ஆமா, வருவானாம்" என்றான் வேதமுத்து. அவள் தலையை ஆட்டினாள். அவர்கள் இறங்கினார்கள். இரண்டரை மணி நேரம் கழித்து, போன சாலையின் அதே வளைவிலிருந்து, பிரேக் சூடு ஆறாமல், முகத்தில் சேறு தெறித்து, எதிர்க்காற்றில் கண் கலங்கி, இசக்கி மட்டும் வந்து சேர்ந்தான்.

கீழே லா மியெல் என்ற ஊரில் ராமிரோ தலையை எண்ணிவிட்டு, எவுலாலியாவிடம் ஒன்று விட்டுப்போயிருந்த ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டான்: ஒரு தலை குறைகிறது. மேலே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறது என்று பதில் போயிற்று. சரி என்று சொல்லிவிட்டு அவன் வேனைத் திருப்பினான். மேலே வந்ததும் வேதமுத்து இசக்கியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடங்கது சரியாத்தான் இருக்கு" என்றான். உண்மையிலேயே இசக்கியின் சட்டையில் ஆரஞ்சுப்பூ வாசம் அடித்தது. அந்தக் கணவாயில் புல்கூட ஒழுங்காக முளைக்காது.

மறுநாள் மறுபடி இறங்கினான். மறுபடி வந்தான். மூன்றாம் நாள் சைக்கிளே வேண்டாம் என்று லா பாஸுக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பஸ் போய்ச் சேர்ந்தது, அவன் உட்கார்ந்த இருக்கை காலியாகப் போய்ச் சேர்ந்தது, அவன் கற்குவியலுக்குப் பக்கத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தான். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த விமானம் போனால் போகட்டும், வேறு விமானம் இல்லாமலா போகும்; ஆனால் கணவாயைத் தாண்டாதவன் எந்த விமானத்தில் ஏறுவான் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சியார்பாம்பா பயப்படவில்லை. அந்த உயரத்தில் வாழ்கிறவர்கள் எதற்கும் வாயைப் பிளப்பதில்லை, காற்று வீணாகும். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, இது நல்லதா கெட்டதா என்று ஒரு சாயங்காலம் பேசி, நல்லதுதான், ஆனால் ஆளுக்குப் படுக்க இடம் வேண்டும் என்று முடிவு செய்து, மூன்றாம் வகுப்பு அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அதன்பிறகு இசக்கி ஒரே நாளில் இரண்டு தடவை, மூன்று தடவை என்று இறங்கிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை வந்த பாதிரியார், இது எந்தப் புனிதருடைய வாக்கு என்று கேட்டார். "எங்க ஊர்ல பால்காரன்கூடச் சொல்லுவான் சாமி" என்றான் வேதமுத்து. அந்த நாட்டுப் பால்காரர்கள் மேல் ஆண்டவருக்குத் தனிக் கிருபை இருக்கிறது என்று பாதிரியார் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஊரிலிருந்து பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தார்கள். சிலியின் சுரங்கங்களுக்கும், பியூனஸ் அயர்ஸில் தையல் பட்டறைகளுக்கும், இன்னும் பெயர் சொல்லத் தெரியாத ஊர்களுக்கும் போனார்கள், போனவர்களின் சட்டைகள் ஆணியில் தொங்கின, போனவர்களின் நாய்கள் வேறு ஆட்களுக்கு வாலாட்டப் பழகின. ஆகவே தாய்மார்கள்தான் முதலில் வந்தார்கள், ஆளுக்கொரு மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு. பள்ளிக்கூட வாத்தியாரம்மா கரும்பலகையில் அந்தச் சொல்லை ஸ்பானிய எழுத்தில் எழுதிப் போட்டாள். இசக்கி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். 'ட்டு' வரவேயில்லை. "போயித்து வாரேன், போயித்து வாரேன்" என்று முரட்டுப் பையன்கள் பதினைந்து பேர் ஒப்பித்த சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. சொல்லை ஒப்பிக்கும்போது அந்தத் தாய்மார்கள் மகன்களைப் பார்க்கவில்லை, வாத்தியாரம்மாளின் கைப்பிரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகுதான் சிக்கல். கிழங்கு லாரி ஓட்டுகிற பெர்னாபே, ஆசைப் பெண்டாட்டியிடம் 'போயித்து வாரேன்' என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குக் கிளம்பி, லாரி நிறையக் கிழங்கோடு மூன்று தடவை வீட்டு வாசலுக்கே வந்து நின்றான், சந்தை முடிந்துவிட்டது. அதே வார்த்தையை அவன் தம்பி தன் மாமியாரிடம் சொன்னான். அவன் ஒரு தடங்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டான். மறுபடி கூட்டம் போட்டார்கள். சந்தை நாளில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. கூடவே இன்னொன்றும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது: சொன்னவன் வாயில் மட்டும் இல்லை விஷயம், கேட்டவள் மனசு வைத்தால்தான் அது பலிக்கிறது. எல்லோரும் திரும்பி எவுலாலியாவைப் பார்த்தார்கள்.

"என்னெ எதுக்குப் பாக்கிய?" என்றாள் அவள். "நான் என்ன அவனெக் கயிறு போட்டா இழுக்கேன்? கஞ்சிதான் ஊத்துதேன்."

அது உண்மைதான். ஆனால் பதினோரு மணியானால் அவள் சாலையைப் பார்க்க ஆரம்பிப்பாள், பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது குவளையைத் துடைத்து வைப்பாள், சைக்கிள் தலை தெரிந்ததும் யாரிடமோ சண்டை போடுகிற மாதிரி எண்ணெய்ச் சட்டியைத் தடதடவென்று நகர்த்துவாள். அவள் மகன் வில்மர் பதினோரு வருஷத்துக்கு முன்னால் தையல் வேலைக்குப் போனவன். குளிரும் கிழங்கும் தவிர இங்கே என்ன இருக்கிறது என்று அவன் கேட்டிருக்கிறான். அப்படியானால் போ, போய்த் தொலை என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவன் தாய் சொல்லைத் தட்டாதவன். வேதமுத்து அதை எனக்குச் சொல்லும்போது, "லைன் கட்டாயிட்டு பகவதி, ரெண்டு பக்கமும் ரிசீவரத் தூக்கல" என்றான்; அவன் படித்த ஸ்பானிஷில் அதற்குமேல் சொல் இல்லை.

இசக்கி சொல்லாமல் கிளம்பினால் என்ன என்று நாங்கள் பார்த்தோம். அங்கே எல்லோரும் மெல்லுகிற கோக்கா இலையை வாய் நிறைய அடைத்து அனுப்பினோம். சோறு போட்டவளிடம் சொல்லாமல் போவானா, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து 'வாரேன்' என்று ஆட்டிவிட்டுத்தான் போனான். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துக் கிளப்பிவிட்டோம், முதல் வளைவிலிருந்து ஓடிவந்து, "யம்மா எங்கன? சொல்லிக்கிடலியே" என்றான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கடைசியில் நானே கோபமாக, "போறேன்னு சொல்லித் தொலையேம்ல! ஒரே ஒரு வார்த்த!" என்று கத்தினேன்.

அவன் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான்.

"பகவதி, அறுவது கிலோமீட்டர் எறங்குதேன். குளிரு போவுது. அருவி தலமேல விழுது. கையுறயக் கழத்துதேன், அப்புறம் ஜெர்க்கினக் கழத்துதேன். ஆரஞ்சுப்பூ வாசம் வருது. ஒரு வளவுல வாழமரம் ஒண்ணு நிக்கி. நம்மூரு வாழதான், கிழிஞ்ச எலயோட. அதெப் பாத்ததும் வீட்டுப் பொறவாசல் மாதிரியே இருக்கும். அந்த எலயத் தொட்டுட்டேன்னா போதும், வீட்டுக்குப் போயிருவேன்னு தோணும். கைய நீட்டுவேன். அடுத்த வளவு திரும்புனா இந்தப் பனி, இந்த நீலத் தார்ப்பாயி." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பதினஞ்சு தடவ ஆச்சு. அந்த ரோட்டு மேல தப்பில்ல. அவகிட்ட போறேன்னேன், போங்கன்னுட்டா. இந்த அம்மாகிட்ட வாரேன்னேன், வான்னுட்டாக. ரோடு சொன்னபடிதான கேக்கும்? நான் வீட்டுக்குப் போவணும் பகவதி. எனக்கு அவளப் பாக்கணும்."

நான் அவன் தோளைத் தட்டினேன். எவுலாலியா தார்ப்பாய்க்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

விமானத்துக்கு முந்தைய நாள் காலை, அவன் பதினேழாவது தடவை வந்து சேர்ந்தபிறகு, நான் என் போனை எடுத்துக்கொண்டு கற்குவியல் மேல் ஏறினேன். அங்கேதான் இரண்டு கோடு சிக்னல் வரும். ஊரில் அப்போது சாயங்காலம் தாண்டியிருக்கும். செல்லக்கனி எடுத்தாள்.

"ஏ செல்லக்கனி, வச்சிராத. நான் பகவதி."

"சொல்லுங்க மதினி. அவுக எங்க?"

"பக்கத்துலதான் நிக்கான்."

"நிக்கட்டும்."

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. புருஷன் வீட்டுக்கு வர முடியாமல் அலைவதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்று எதிர்பார்த்தவள் மாதிரியே கேட்டுக்கொண்டாள். இசக்கி போனை வாங்கி, "செல்லக்கனி" என்றான். அதற்குமேல் அவள்தான் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"கடயத் தெறந்து ஒரு லேடீஸ் சைக்கிள எடுத்துக்கிட்டேன். பத்து நாளா மைதானத்துல பழகுதேன். ரெண்டு முட்டும் போச்சு, கொமரிப் புள்ளைக சிரிக்கி. நேத்து விழாம ஒரு சுத்து வந்தேன். சொல்லுதுக்கு ஆளில்ல."

"செல்லக்கனி, நான் வந்து..."

"போறேன்னுதான சொன்னீய. போயாச்சுல்லா. இப்ப என்ன?"

எவுலாலியா பணியாரக் கரண்டியோடு கற்குவியலுக்கு வந்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் அவன் கையிலிருந்து போனை வாங்கினாள். காதில் வைத்துக்கொண்டு அவளுடைய மலைப் பாஷையில் பேச ஆரம்பித்தாள். மெதுவாக ஆரம்பித்து, அப்புறம் வேகமாக, அப்புறம் அழுகையோடு. அந்தப் பக்கத்திலிருந்து செல்லக்கனி தமிழில் பதில் சொன்னாள், முட்டுக் காயத்தையும் அடுக்களையில் நின்றதையும் வாசல் வரைக்கும் வராமல் போனதையும் சொன்னாள். இந்த அம்மாள், ஆமாம் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினாள். வேதமுத்துவை மொழிபெயர்க்கச் சொன்னேன். "வேண்டாம் பகவதி, ரெண்டு பேரும் சரியாத்தான் பேசுதாக" என்றான் அவன். இருபது நிமிஷம் ஆயிற்று. பணியாரம் கருகுகிற வாசனை வந்தது, யாரும் போய்ப் பார்க்கவில்லை. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். எவுலாலியா போனை இசக்கியிடம் நீட்டினாள்.

"அத்தான்," என்றது போன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "வந்து தொலைங்க." அப்புறம் ஆறு வருஷமாகச் சொல்லாத, தெருவில் துரத்திய காலத்துக் குரலில், "வால. வா" என்றாள்.

அவன் அழுதான், நானும் அழுதேன், வேதமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தான். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இசக்கி சைக்கிளை எடுத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் தார்ப்பாயைப் பார்த்து நடந்தான். எவுலாலியாவிடம் ஒன்றும் சொல்லாமல் அவனால் போக முடியாது. சொன்னால் அது ஒன்றைத்தான் சொல்வான். அதை இவள் கேட்டால் அவன் திரும்பி வருவான், வந்தால் இவளுக்கு நாளைக்கும் பன்னிரண்டு மணி உண்டு.

அடுப்போரம் திரும்பியிருந்த எவுலாலியா அவன் வருவதைப் பார்த்தாள். வட்டத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள், சால்வையை எடுத்துத் தலையோடு, காதோடு இறுக்கிச் சுற்றிக் கட்டினாள், அவனுக்கு முதுகைக் காட்டி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பின்னால் அவன் நின்றான். "யம்மா" என்றான். அவள் அசையவில்லை. "யம்மா, நான்..." என்றான். துட்டி வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளைப் போல அவள் அடுப்பையே பார்த்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். இசக்கி குனிந்து அவள் பாவாடையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நம் வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல், சாலைக்கு வந்து சைக்கிளில் ஏறினான்.

பதினோரு மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டேகால் ஆயிற்று. வளைவில் ஒரு லாமா மந்தை வந்தது, ஒரு லாரி வந்தது, மேகம் வந்தது. ஒரு மணிக்கு ராமிரோவின் ஒயர்லெஸ் கரகரத்தது: தலை சரியாக இருக்கிறது, ஆனால் இந்த ஆள் ஒரு வாழைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான், விடமாட்டேன் என்கிறான், என்ன செய்வது? கொஞ்ச நேரம் விடு என்று சொல்லச் சொன்னேன்.

எவுலாலியா சால்வையை அவிழ்த்தாள். துடைத்து வைத்திருந்த இரண்டாவது குவளையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கருகிய பணியாரங்களை நாய்க்குப் போட்டாள். பிறகு எழுந்து கற்குவியலுக்கு வந்து, வேதமுத்துவிடம் ஒரு போன் நம்பரைச் சொன்னாள், காகிதத்தைப் பார்க்காமல், திக்காமல், பதினோரு வருஷம் தினமும் சொல்லிப் பார்த்தவள் மாதிரி. அவன் அழுத்திக் கொடுத்தான்.

நெடுநேரம் அடித்தது. அந்தப் பக்கம் எடுத்ததும் முதலில் கேட்டது ஆள் குரல் இல்லை, வரிசையாகப் பல தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம். அப்புறம் ஒரு ஆண் குரல், "அலோ?" என்றது.

எவுலாலியா வாயைத் திறந்தாள். அவனிடம் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை 'போ'. அவளுடைய இரண்டு பாஷையிலும் இருந்த மற்ற எல்லா வார்த்தைகளும் அதற்குப் பின்னால் வெளியே வர முடியாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. "அலோ? யாரு?" என்றது குரல். அவளுக்குச் சொந்தமில்லாத, காலையில்தான் காதில் விழுந்த ஒரு வார்த்தை மட்டும் வந்தது.

"வா," என்றாள்.

"யாரு வேணும்?"

"வா. வா."

அவன் ஏதோ சொன்னான், தொடர்பு அறுந்தது. வேதமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "ராங் நம்பருன்னுட்டு வச்சிட்டான்," என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னான்.

அவளுக்கு அது புரிந்துவிட்டது. வேதமுத்துவின் கையிலிருந்து போனை வாங்கி, மாவு ஒட்டிய விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக அவளே அழுத்தினாள். தையல் மிஷின்களின் சத்தம் மறுபடி வந்தது. இந்தத் தடவை அவன் அலோ சொல்வதற்கு அவள் காத்திருக்கவில்லை.

"ராங் நம்பர் இல்ல, வில்மர்," என்றாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு மிஷின் நின்றது.